முந்நூற்று நாற்பதாவது மீட்டர்

மலைக்காகத்தான் போட்டார்கள் இந்த இழையை.
உச்சியில் ஒரு பிளவு, ஆண்டுக்கு ஆறு சென்டிமீட்டர்
வாய் திறக்கிறது.
என்றைக்காவது அது ஃபியோர்டில் விழும்.
விழுந்தால் அலை எழும்,
எழுந்தால் தேவாலய மணிக்கூண்டு வரை ஈரம்.
ஆகவே சரிவில், சாலையோரம்,
மீன் தொழிற்சாலையின் பின்பக்கம்,
படகுத்துறைப் பலகைகளுக்கு அடியில் என்று
பதினோரு கிலோமீட்டர் கண்ணாடி,
தலைமுடிக் கனத்தில்.
ஒரு முனையில் லேசர்.
லேசருக்குப் பக்கத்தில் நான்,
ஓட்ரூன், இரவுப் பணி, கம்பளிக் காலுறை.

நொடிக்கு ஆயிரம் முறை ஒளியைத் தட்டி அனுப்புகிறோம்.
போவதில் பெரும்பகுதி போயே விடுகிறது.
உலையிலிருந்து இழுத்த நாளில் உள்ளே உறைந்துபோன
பிசிறுகளில் முட்டிக்கொண்டு
கொஞ்சம் திரும்பி வரும்.
அந்தக் கொஞ்சம்தான் எனக்குச் சம்பளம்.
பிசிறே இல்லாத கண்ணாடி ஒன்று இருந்தால்
அது செவிடு.

பாறை உருண்டால் இப்படி, லாரி போனால் இப்படி என்று
பயிற்சியில் காட்டினார்கள்.
மனிதர் நடந்தால் திரையில்
சாய்வாக ஒரு தையல் ஓடும்.
மனிதரைப் பார்க்க வேண்டாம் என்றார்கள்.
பார்க்காமல் எப்படி?

தினமும் இரண்டு மணிக்கு வரும் ஒரு தையல்.
வலது கால் அழுந்தி,
இடது கால் தொட்டும் தொடாமலும்.
ஊரில் எண்ணூறு பேர். அப்படி நடப்பவர் ஒருவர்தான்,
இழுவைப்படகில் வடம் அறுந்து அடித்த அஸ்லாக்.
பெயரை நான் எங்கும் எழுதவில்லை.
ஆனால் கூட்டுறவுக் கடை வரிசையில்
எனக்கு முன்னால் அவர் ரொட்டியோடு நின்றபோது
குதிகாலைப் பார்க்காதவள்போல
ஜாம் பாட்டிலின் விலையைப் படித்தேன், இரண்டு முறை.

துறையின் நுனி முந்நூற்று நாற்பதாவது மீட்டர்.
அங்கே நிற்பார், பதினைந்து, இருபது நிமிடம்.
பிறகு தையல் எதிர்ச்சாய்வில் திரும்பும்.
நானும் காபியைக் குடித்து முடிப்பேன்.

நவம்பரில் ஒரு வியாழன். தென்மேற்குக் காற்று.
திரை முழுக்க அலை, புழுதி கிளப்பினாற்போல்.
தையல் வந்தது. முந்நூற்றுப் பத்து. முந்நூற்று முப்பது.
நாற்பது.

இரண்டு நாற்பது ஆயிற்று. இரண்டு ஐம்பத்தைந்து.
அசையாமல் நிற்பவரையும் இல்லாமல் போனவரையும்
இந்தக் கருவி ஒரே மாதிரிதான் வரையும்,
அதாவது, வரையாது.
மலை விழுந்தால் யாரைக் கூப்பிடுவது என்று
சுவரில் பதினான்கு தொலைபேசி எண்கள்.
ஒரு ஆள் விழுந்தால்
ஒன்றுமில்லை.

மலையை மலையிடமே விட்டுவிட்டு ஓடினேன்.
பலகைக்கடியில் கிடந்த கண்ணாடி
என் ஓட்டத்தைக் கேட்டு
ஆளில்லாத அறைக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

காற்றுப் படாத பக்கம் கட்டியிருந்த படகுக்குள்
அஸ்லாக், தூண்டில், ஒரு ஃபிளாஸ்க்.
படகுக்குக் கீழே இழை கிடையாது.
"நின்றால் இடுப்பு வலிக்கிறது" என்றார்,
நான் கணக்குக் கேட்டதுபோல.
பிறகு "உனக்கு எப்படி..." என்று தொடங்கி
மலையைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார்,
தன் இடது காலை
கொஞ்ச நேரம் பார்த்தார்.
வேறெதுவும் கேட்கவில்லை. ஈரம் சொட்டும் ஒரு காட் மீனை
வாலைப் பிடித்து நீட்டினார்.

காலையில் ட்ரோன்ஹெய்மிலிருந்து கேள்வி:
இரண்டு ஐம்பத்தெட்டுக்குத் துறைப் பகுதியில்
வேகமாக இன்னொரு தடம், என்ன அது?
பட்டியலில் இருந்த சொற்களில் கடைசியைத் தேர்ந்தேன்:
இரைச்சல்.
மீனை வெண்ணெயில் பொரித்தேன். உப்பு கூடிவிட்டது.

அன்றிரவு இரண்டு மணி.
அழுந்திய கால், தொட்ட கால், அழுந்திய கால்.
நுனிக்குப் போய் நின்றது.
திரை வெறுமையாய் ஓடிற்று.
பிறகு
முந்நூற்று நாற்பதாவது மீட்டரில்,
பலகையின்மேல்,
குதிகாலால், நிதானமாக,
மூன்று தட்டு.